ஏழாவது கோயில் நடந்துபோன ஞாயிறு

கஸ்தெல்வெந்தோ என்ற மலையூரில் ஏழு கோயில்கள் இருந்தன, அவற்றில் ஆறு, கட்டிய நாளிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றன. ஏழாவதைப் பற்றி ஊர்க்காரர்கள் வெளியாரிடம் பேசுவதில்லை. மறைக்கவேண்டும் என்றல்ல, மாரியில் மழை பெய்யும் என்பதை பஸ்ஸில் வந்திறங்குகிறவர்களைப் பிடித்து நிறுத்தி யாரும் சொல்வதில்லை அல்லவா, அந்த மாதிரித்தான். ஆகவே மே மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஒன்பது மணி பஸ்ஸில் பலெர்மோவிலிருந்து வந்து இறங்கிய மெற்றில்டாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தாலும் அவள் வந்துதான் இருப்பாள், ஏனென்றால் அவள் ஆண்டவருக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள்.

நேர்த்தி வைத்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால். ஆஸ்பத்திரியில் அவளுடைய கணவர் இருதயதாசனின் நெஞ்சைத் திறந்து வைத்தியர்கள் ஆறு மணித்தியாலம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்க, வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்த மெற்றில்டா, கையிலிருந்த செபமாலையின் மணிகள் எல்லாம் முடிந்து, முடிந்து, மறுபடியும் முடிந்து, கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னாள்: ஒரே மலையில், ஒரே நாளில், பொழுதுபடுவதற்குள் ஏழு கோயிலுக்கு இந்த மனிசனை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் ஏழிலும் முழந்தாளிட வைக்கிறேன், இவரை எனக்குத் திருப்பித் தா ஆண்டவரே. அப்படியொரு மலை உலகத்தில் இருக்கிறதா என்று அவள் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து நேர்கிறவர்கள் வரைபடம் பார்த்து நேர்வதில்லை.

மனிசர் திரும்பி வந்தார். மெலிந்து, நெஞ்சின் நடுவே நீளத் தையலோடு, ஆனால் பழைய வாயோடுதான் வந்தார். மலையும் கிடைத்தது, அவள் நிலம் துடைக்கப் போகிற நாலு வீடுகளில் ஒரு வீட்டுச் சமையற் குசினிச் சுவரில், நாட்காட்டியின் ஒக்டோபர் மாதத்தில், கஸ்தெல்வெந்தோ, ஏழு தேவாலயங்களின் ஊர் என்று எழுதிய படமாக. கிடைக்காமல் போனது ஞாயிற்றுக்கிழமைதான். அவருக்கு உணவகத்துக் குசினியில் வேலை இல்லாத ஞாயிறுகளில் அவளுக்கு வேலை இருந்தது, இருவருக்கும் வேலை இல்லாத ஞாயிறுகளில் மகள் பெனிற்றாவுக்குப் பள்ளிச் சோதனை இருந்தது, இப்படி இரண்டு வருடம் போயிற்று. அந்த இரண்டு வருடமும் மெற்றில்டா பயந்துகொண்டே இருந்தாள். அவர்களுடைய வீடு நாலாம் மாடியில், லிஃப்ற் கிடையாது. இருதயதாசன் ஒவ்வொரு முறை படியேறும்போதும் அவள் இரண்டு படி பின்னால் வந்து அவருடைய மூச்சைக் கேட்பாள். கொஞ்சம் பலமாக வாங்கினாலும், செய்யாத நேர்த்தி தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்றே நினைப்பாள்.

"ஆண்டவர் என்ன, தவணை தப்பினா வந்து பறிச்சுக்கொண்டு போறவரே?" என்று இருதயதாசன் பகிடி பண்ணுவார். பகிடி அவளுக்கு உதவவில்லை.

அந்த ஞாயிறு அபூர்வமாக மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லாத ஞாயிறாக அமைந்தது. திரும்பிப் போகிற பஸ் பின்னேரம் ஐந்தரைக்கு; அதைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள். எனவே மெற்றில்டா பஸ்ஸால் இறங்கின நிமிஷத்திலிருந்து "கெதியா, கெதியா" என்று சொல்லி அவசரப்படுத்தத் தொடங்கினாள், சொல்லிக்கொண்டே சூசையப்பர் கோயிலுக்குள் அவர்களைக் கொண்டுபோனாள், சொல்லிக்கொண்டே வெளியே கொண்டுவந்தாள், கண்களைத் தட்டில் ஏந்தி நின்ற லூசியம்மாளிடமும், தராசின் ஒரு தட்டைத் தொலைத்துவிட்டு மற்றத் தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்ற மிக்கேல் சம்மனசிடமும், கடற்சிப்பி குத்திய தொப்பியோடு நின்ற யாகப்பரிடமும் அதே சொல்லோடு போய் அதே சொல்லோடு வந்தாள். ஒவ்வொரு கோயிலிலும் இருதயதாசன் முழந்தாளிட்டார், எழும்பும்போது முன்னாலிருந்த வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், மெற்றில்டா ஒரு விரலை மடித்தாள்.

ஒவ்வொரு கோயில் வாசலிலும் அவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். அது அவர்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமல்ல. பிறந்த ஊரிலும் சரி, பலெர்மோவில் தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலிலும் சரி, வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனால் கால் தானாகத் திரும்பி வெளியே வந்துவிடும். இருதயதாசனின் கறுப்புத் தோல் செருப்பு, மெற்றில்டாவின் மண்ணிறச் சிலிப்பர், பெனிற்றாவின் வெள்ளைச் சப்பாத்து, மூன்று சோடியும் வரிசையாக இருந்தன. உல்லாசப் பயணிகள் அதைப் பார்த்துவிட்டு இது இங்கத்தைய சட்டமாக்கும் என்று தாங்களும் கழற்றினார்கள். நாலாவது கோயிலிலிருந்து வெளியே வந்தபோது வாசலில் பதினொரு சோடி கிடந்தது. ஐந்தாவதான அன்னம்மாள் கோயிலின் நிழலில் இருந்து கட்லிஸும் மீன் பணிஸும் சாப்பிட்டார்கள். ஆறாவது, ஊரின் தாய்க்கோயில், பெரியது, அதில் யாரோ கலியாணத்துக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பெனிற்றா நின்று கேட்க விரும்பினாள்.

"பேந்து கேக்கலாம், பிள்ளை. இன்னும் ஒண்டுதான்."

"அம்மா, ரெண்டே முக்கால்தான் ஆகுது. பஸ் எங்கையும் ஓடாது."

"பஸ் ஓடத்தானே வைச்சிருக்கிறாங்கள்," என்றார் இருதயதாசன், ஆனாலும் நடந்தார்.

ஏழாவது கோயில், நம்மவர்கள் ஆரோக்கியநாதர் என்று சொல்லுகிற புனித றொக்கோவின் கோயில், ஊரின் தெற்கு விளிம்பில், ஒரு சின்ன முற்றத்தின் ஓரமாக நின்றது. சின்னக் கோயில். ஒரு மணி, ஒரு கதவு, உள்ளே நாலு வாங்கு. நோயாளிகளின் புனிதர் என்பதால் மெற்றில்டா அவரைக் கடைசிக்கு என்று வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றி, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு, கதவைத் தள்ளினாள். பூட்டியிருந்தது. பூட்டுக்குரிய திறப்பு மூலையிலிருக்கிற பாரில் என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே வேறொரு பலகையும் இருந்தது, ஆனால் அதன் எழுத்துகளை வெயில் குடித்துவிட்டிருந்தது. பார் முப்பது அடி தூரத்தில்தான். முப்பது அடிக்காகக் கழற்றின செருப்பைத் திரும்பப் போட்டுத் திரும்பக் கழற்றுகிற தமிழர்கள் இல்லை. மூன்று பேரும் வெறுங்காலோடு மூலை திரும்பிப் போனார்கள்.

பார்க்காரி நுன்சியா அறுபது வயதுக்காரி, குறுக்கே பேசினால் பிடிக்காது என்று முகத்திலேயே எழுதியிருக்கும். திறப்பை ஆணியிலிருந்து எடுத்து மெற்றில்டாவின் கையில் வைத்தாள், இருதயதாசனுக்குக் கோப்பியும் பெனிற்றாவுக்குத் தேசிக்காய்த் தண்ணீரும் ஊற்றினாள், ஊற்றிவிட்டுக் குனிந்தபோது ஆறு வெறுங்கால்களைக் கண்டாள்.

"சிஞ்ஞோரா, உங்கள் செருப்பு எங்கே?"

"கோயில் வாசலில்," என்றாள் மெற்றில்டா தன்னுடைய குசினி இத்தாலியனில்.

"எங்கள் றொக்கோவின் வாசலிலா? படியிலா வைத்தீர்கள்?"

அப்போது மணி ஒரு தரம் அடித்தது, யாரும் கயிறு இழுக்காமல், ஏதோ ஒன்று எழும்பும்போது அசைந்த மாதிரி. நுன்சியா நெற்றியில் கையை வைத்தாள். "போய்விட்டது," என்றாள்.

அவர்கள் மூலை திரும்பி ஓடி வந்தபோது அங்கே கோயில் இல்லை. அது நின்ற இடத்தில் நீள்சதுரமாக ஈர மண் இருந்தது, மண்ணில் நாலைந்து வெள்ளைப் புழுக்கள் வெயிலைக் கண்டு நெளிந்தன, வாசற்படி இருந்த இடத்துக்கு முன்னால் இருதயதாசனின் வலக்கால் செருப்பும் பெனிற்றாவின் இடக்கால் சப்பாத்தும் கிடந்தன. கோயிலுக்கு நாலு மூலை, அதனால் நாலை எடுத்துக்கொண்டு இரண்டை விட்டிருந்தது. மனிசர் செருப்புக்குள் கோயிலின் மூலை எப்படி நுழையும் என்று கேட்கிறவர்கள் கஸ்தெல்வெந்தோவில் இல்லை. போட்டுக்கொண்டு போனது போனதுதானே, பிறகென்ன கேள்வி.

ஊர் ஆகவேண்டியதைப் பார்க்கத் தொடங்கியது. கோயிலுக்குப் பின்வீட்டில் இருந்த கஸ்பாரே, பதினொரு வருடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலைத் தள்ளித் திறந்தார், கடல் தெரிந்தது, உடனே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டு, மனைவியையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் கடலைப் பார்க்க இருந்துவிட்டார்கள். மேல்வீட்டுப் பெண்கள், இப்படி ஒரு வெயில் அந்தச் சந்துக்குள் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், மெத்தைகளையும் கம்பளிகளையும் கொண்டுவந்து காயப்போட்டார்கள். ஒருத்தி ஈர மண்ணைக் குச்சியால் கிளறி, தன் தாய் பூசையில் தொலைத்த தோட்டின் ஒற்றையைக் கண்டெடுத்தாள். நகரசபையிலிருந்து ஒரு பெண் நாலு செம்மஞ்சள் கூம்புகளோடு வந்து நாலு மூலைக்கும் வைத்துவிட்டுப் போனாள், ஏனென்றால் போன தடவை யாரோ ஒருவன் காரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திவிட, திரும்பி வந்த கோயில் எங்கே போவதென்று தெரியாமல் ஒரு பகல் முழுவதும் தபாற்கந்தோருக்கு முன்னால் நின்றதாம், தபால் வாங்க வந்தவர்கள் எல்லாரும் போகிற போக்கில் சிலுவை போட்டுக்கொண்டார்களாம்.

"உங்கள் தப்பில்லை," என்றாள் நுன்சியா. "பலகையைப் புதுசாய் எழுதச் சொல்லி எத்தனை மனுக் கொடுத்தோம். இந்தப் படியில் இங்கே ஒருத்தரும் சப்பாத்தைக் கழற்றுவதில்லை, உள்ளே கல்லுப் போய்க் குத்தினாலும் நொண்டிக்கொண்டு மூலை திரும்பித்தான் கழற்றுவோம்."

பிறகு அவள் மூன்று பேருக்கும் விவரமாகச் சொன்னாள், சொல்லுகிறபோது மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், பெனிற்றா பாதியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். கஸ்பாரேயின் தாத்தா காலத்தில் ஒரு ஆயர் கால்வலி தாங்காமல் அந்தப் படியில் இருந்து சப்பாத்தைக் கழற்ற, இன்னொருவரும் கழற்ற, கோயில் ஒன்பது நாள் போய்விட்டதாம், கதவிடுக்கில் கடற்பாசியோடு வந்ததாம். பிறகு ஒரு மணமகளும் தோழியும் குதியுயர்ந்த சப்பாத்தைக் கழற்றி வைத்தார்களாம். அதைப் போட்டுக்கொண்டு கோயில் நடந்த வழியெல்லாம் தாரில் குழி விழுந்து, அந்தக் குழிகள் இன்றைக்கும் இருக்கின்றனவாம். ஜெர்மனியிலிருந்து வந்த மலையேறிகள் இரண்டு பேர் தங்கள் தடித்த சப்பாத்துகளைக் காயவைத்த வருடம்தான் மோசமான வருடம். பதினாறு நாள். கூரையில் எட்னா மலையின் பனியோடு வந்தது, வந்து ஒரு கிழமைக்கு உள்ளே குளிர் தாங்க முடியவில்லை. எங்கே போகிறது, ஏன் போகிறது என்று யாரும் சொல்லவில்லை, மெற்றில்டாவும் கேட்கவில்லை.

"எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

"வரும்போது வரும், சிஞ்ஞோரா. அடுத்த மாதம் ஒரு தரம் வாருங்களேன்."

மெற்றில்டா கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆறு விரல்களை மடித்தவள் அவள், ஏழாவதுக்குரிய விரல் நீட்டிக்கொண்டு நின்றது, அந்தக் கையில்தான் கோயில் திறப்பும் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, முற்றத்தின் நடுவே நின்று விம்மி விம்மி அழுதாள்.

"எனக்கு இண்டைக்கு வேணும்," என்றாள் தமிழில். பிறகு இத்தாலியனில், பிழையான வினைச்சொற்களில், ஆஸ்பத்திரியையும், பிளாஸ்டிக் கதிரையையும், ஒரே மலை, ஒரே நாள், ஏழு கோயில் என்று தான் சொன்னதையும் சொன்னாள். "ஆறு முடிந்தது. இந்த ஒன்று இல்லை. பொழுதுபட்டால் இவர்..." என்று கணவரைக் காட்டினாள்.

கோயில் எழுந்து நடந்தபோது கதிரையை விட்டு அசையாத கஸ்பாரே, நேர்த்தி என்றதும் எழுந்து நின்றார். மெத்தை காயப்போட்ட பெண்கள் கீழே இறங்கி வந்தார்கள். பங்குச்சாமியார் தொன் கலோஜெரோ அப்போதுதான் செபப் புத்தகத்தோடு வந்தார், வெற்று மண்ணைப் பார்த்தார், "மறுபடியுமா" என்று சலித்தார், ஆனால் நுன்சியா அவர் காதில் விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தை மூடிவிட்டார். கோயில் நடப்பது அந்த ஊரில் காலநிலை மாதிரி. நேர்த்தி முறிவது அப்படியல்ல, அது எல்லாருடைய காரியமும்.

"எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது?" என்று தொன் கலோஜெரோ கேட்டார்.

மிச்சமிருந்த இரண்டையும் காட்டினார்கள். அவர் குனிந்து இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கணக்குப் போட்டார். "உங்களுடையதில் இடக்கால் மட்டும். பிள்ளையுடையதில் வலக்கால் மட்டும். அம்மாவுடையது இரண்டும், அதுவும் சின்ன அளவு. நாலுக்கும் மூன்று உயரம். ஆயருடைய சப்பாத்து என்றால் நான் நம்பிக்கை சொல்லமாட்டேன். இதைப் போட்டுக்கொண்டு இது வெகுதூரம் போயிருக்காது, நொண்டும்."

மதிலோரம் நின்ற ஒருத்தி கையைக் காட்டினாள். அங்கே, கீழே, மலைச்சாலையின் மூன்றாம் வளைவில், அவரைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், சின்னக் கோயில் ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தும் மறுபக்கம் நிமிர்ந்தும் நடந்துகொண்டிருந்தது.

கஸ்பாரே தன்னுடைய மூன்று சில்லு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார். மெற்றில்டா தலையாட்டி மறுத்தாள். நடத்திக் கூட்டிப் போகிறேன் என்றுதான் அவள் சொன்னது. வண்டியில் ஏற்றினால் அது வேறு நேர்த்தி.

"இறங்கிறது சுகம்," என்றார் இருதயதாசன்.

"ஏறுறது?"

"அதை ஏறேக்க பாப்பம்."

அந்த மலைச்சாலையின் ஏற்றத்தை மெற்றில்டா காலையில் பஸ்ஸில் இருந்தே பார்த்து வைத்திருந்தாள், நாலு மாடி என்ன, நாற்பது மாடி இருக்கும். அவளுக்கு இப்போது இரண்டு பயங்கள்: போகாவிட்டால் நேர்த்தி, போனால் ஏற்றம். இரண்டுக்கும் நடுவே அவள் நின்றுகொண்டிருக்க, இருதயதாசன் வெறுங்காலோடு இறங்கத் தொடங்கிவிட்டார். பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் பெனிற்றா, பெனிற்றாவுக்குப் பின்னால் சாமியாரும் நுன்சியாவும், அவர்களுக்குப் பின்னால் ஊரில் பாதி, மிச்சப் பாதி மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தது, யாரோ ஒருத்தர் செபமாலை தொடங்கினார்கள், இறக்கத்தில் செபமும் வேகமாக இறங்கிற்று.

மூன்றாம் வளைவுக்கு அவர்கள் போனபோது கோயில் நின்றிருந்தது. மெற்றில்டாவின் ஒரு சிலிப்பரின் வார் அறுந்துபோய், அந்த மூலை சரிந்து, சாலையின் அரைவாசியை மறித்துக்கொண்டு, கதவைக் கடற்பக்கம் வைத்து நின்றது. அவர்கள் கிட்டப் போனதும் நகர்ந்தது. இன்னும் கிட்டப் போக இன்னும் நகர்ந்தது, கட்டவிழ்த்த ஆடு பிடிகொடுக்காமல் விலகுகிற மாதிரி, ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தானாக வருகிற ஒன்றை அவர்கள் அதுவரை தேடிப் போனதே கிடையாது. போனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று சாமியாருக்கே தெரியவில்லை.

மெற்றில்டாவுக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடப் பயமும் அந்தக் கோபத்துக்குள் இருந்தது.

"நில்!" என்றாள். "நில்லெண்டு சொல்லுறன். எங்கை போறாய் இப்ப? காலமை துவக்கம் இந்த மனிசனை இழுத்துக்கொண்டு திரியிறன், ஆறு கோயிலும் ஒழுங்கா இருந்த இடத்தில இருந்ததுகள், உனக்கு மட்டும் என்ன கோதாரி? செருப்பு வேணுமெண்டா கேட்டிருக்கலாமே, தந்திருப்பன். ஆரைக் கேட்டு எடுத்தனீ? இப்ப பார், அந்தத் தோட்டக்காரன்ரை அவரையையும் மிதிச்சுப்போட்டாய்!"

கோயில் நின்றது. அது கதவை மெதுவாக அவள் பக்கம் திருப்பிற்று. அவள் அழுதுகொண்டே போய்த் திறப்பைப் போட்டுத் திருப்பினாள். பெனிற்றா ஓடிப்போய், சரிந்து நின்ற மூலையடியில் குந்தியிருந்து, தன் தலைமயிரில் இருந்த றப்பர் வளையத்தைக் கழற்றி அறுந்த வாரை இழுத்துக் கட்டினாள்.

"பாவம் அம்மா இது," என்றாள். "கத்தாதேங்கோ."

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாலு வாங்கு, ஒரு பீடம், பீடத்தின் மேல் தடியோடும் நாயோடும் ஆரோக்கியநாதர், அவருடைய பாதத்தடியில் அணையாத ஒரு மெழுகுதிரி. இருதயதாசன் நடுவால் நடந்துபோய் முழந்தாளிட்டார். மற்ற ஆறு கோயிலிலும் ஒரு பரலோக மந்திரத்தோடு எழும்பினவர் இங்கே எழும்பவில்லை. தலையைக் குனிந்தபடி வெகுநேரம் இருந்தார். மெற்றில்டா ஏழாவது விரலை மடித்தாள், அந்தக் கையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டாள், ஏதோ ஒரு கனமான சாமான் தலையிலிருந்து இறங்கின மாதிரி இருந்தது, கழுத்துக்கூட நோகவில்லை. வெளியே செபமாலை முடிகிற சத்தம் கேட்டது.

பிறகு நிலம் மெல்ல உயர்ந்தது.

பெனிற்றா வாசலால் உள்ளே குதித்தாள். "அம்மா, திரும்புது, மேலை ஏறுது!" என்று சிரித்தாள். சுரூபம் அசையவில்லை, மெழுகுதிரி அசையவில்லை, மணி மட்டும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தரம் முனகிற்று. வாசலுக்கு வெளியே சாமியாரும் நுன்சியாவும் ஊர்க்காரரும் பக்கத்தால் நடந்து வந்தார்கள், இந்தத் தடவை நாலு மணித்தியாலம்கூட ஆகவில்லை, கடலைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை என்று கஸ்பாரே குறைபட்டுக்கொண்டு வந்தார். மெற்றில்டா வாங்கின் முதுகைப் பிடித்தபடி நின்றாள், நிற்பதுதான் அவளுக்குப் பழக்கம்.

"இஞ்சாரும், இரும்," என்றார் இருதயதாசன். அவர் வந்து முதல் வாங்கில் இருந்துவிட்டார், பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். "இரும் எண்டு சொல்லுறன். நீர் இருந்தால்தான் என்ரையும் முடியும்."

"உங்கடை என்ன?"

"என்ரை நேர்த்தி."

மெற்றில்டா அவரைப் பார்த்தாள். "நீங்கள் எப்ப நேர்ந்தனீங்கள்?"

"அண்டைக்குத்தான். ஊசியைப் போட்டிட்டு, பத்திலிருந்து பின்பக்கமா எண்ணச் சொன்னாங்கள். நான் எண்ணேல்லை. நேர்ந்தனான். இவள் பஸ்ஸிலையும் நிக்கிறாள், நாலு வீட்டு நிலத்தையும் நிண்டுகொண்டு தேய்க்கிறாள், இப்ப வெளியிலை கதிரையில இருக்கிறாளோ நிக்கிறாளோ தெரியாது, என்னை எழுப்பிவிட்டியெண்டால் ஒரு நாளைக்கெண்டாலும் இவளை ராசாத்தி மாதிரி இருத்தி, நடக்க விடாமல், கோயிலடிக்குக் கொண்டுபோவன் எண்டு." அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "கார் ஒண்டு எடுத்துச் செய்யலாமெண்டுதான் நினைச்சன். லைசென்ஸ் சோதனையில மூண்டு தரம் விழுந்திட்டன்."

"எப்ப?"

"பால் வாங்கப் போறனெண்டு போன வியாழக்கிழமையள்."

"இவ்வளவு நாளும் என்ரை நேர்த்தியைப் பகிடி பண்ணிக்கொண்டு திரிஞ்சனீங்கள்!"

"பின்னை என்ன செய்யிறது? நீர் உம்முடையதுக்குப் பயந்தீர், நான் என்னுடையதுக்குப் பயந்தன். ரெண்டு பேரும் பயந்தால் வீட்டில ஆர் சமைக்கிறது?"

மெற்றில்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, அவள் இரண்டையும் தடுக்கவில்லை. இருந்தாள். முதலில் வாங்கின் விளிம்பில், பிறகு நன்றாகச் சாய்ந்து, பிறகு கால்கள் இரண்டையும் முழந்தாட்பலகையில் தூக்கிவைத்து. கதவு திறந்தபடி இருந்தது; மலை பின்னால் இறங்கி இறங்கிப் போக, அவரைத் தோட்டமும் வளைவுகளும் சிறுத்துக்கொண்டு போக, அதற்கும் அப்பால் கடல் அகன்றுகொண்டு வந்தது. அந்த ஏற்றத்தில் ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. ஐந்தரை பஸ், ஊருக்கு ஏறி வரவேண்டிய பஸ், கோயிலுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டு, ஒரு தரம் ஹோர்ன் அடித்துவிட்டு, முன்னால் போவது யாரென்று கண்டதும் சாரதி தொப்பியைக் கழற்றிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

"அம்மா," என்றாள் பெனிற்றா வாசலிலிருந்து, "கெதியாப் போகச் சொல்லட்டே? பஸ் பின்னாலை நிக்குது."

மெற்றில்டா கணவரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பீடத்தைப் பார்த்து, சுவர்களைப் பார்த்து, கூரையைப் பார்த்து, வீட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லுகிற மரியாதையோடு சொன்னாள்:

"மெல்லமாப் போங்கோ. ஒரு அவசரமும் இல்லை."